சாவி கொடுத்த பிறகு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியில், ஒரு தொண்டு நிறுவனம் 2008 முதல் 109 வீடுகளைக் கட்டியது. கத்ரீனா புயலில் வீடிழந்த குடும்பங்கள் அவற்றைக் குறைந்த விலையில் வாங்கின. அந்த வீடுகளை ஆய்வு செய்த இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜூடித் கெல்லர் 2022இல் எழுதிய கணக்குப்படி, ஓரளவுக்கு நல்ல நிலையில் எஞ்சியிருந்தவை ஆறு. மற்றவற்றில் கூரை ஒழுகல், சுவருக்குள் பூஞ்சை, இற்றுப்போன படிக்கட்டு, குழாய் உடைப்பு, மின்கோளாறு, எரிவாயுக் கசிவு என்று ஏதாவது ஒன்று இருந்தது. பலவற்றில் இவற்றுள் நான்கைந்து சேர்ந்தே இருந்தன.

கட்ட வந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். பணமும் இருந்தது, பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் இருந்தார்கள், உலகமே பார்த்துக்கொண்டும் இருந்தது. இத்தனையும் இருந்து இப்படி முடிந்தது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனத்திடம் வீடு வாங்கப்போகும் குடும்பத்துக்கும், அப்படி ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுக்க நினைப்பவருக்கும், அனுமதி தரும் அதிகாரிக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரை கடந்தபோது, லோயர் நைன்த் வார்டை ஒட்டிய தொழிற்கால்வாயின் வெள்ளத் தடுப்புச் சுவர் உடைந்தது. தண்ணீர் வந்த வேகத்தில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டுப் பெயர்ந்தன. கால்வாயில் கட்டியிருந்த பெரிய சரக்குப் படகு ஒன்று உடைப்பின் வழியே ஊருக்குள் வந்து வீடுகளின் மேல் ஏறி நின்றது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கூலி வேலை, ஹோட்டல் வேலை, துறைமுக வேலை செய்தவர்கள். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்த வீட்டில் இருந்தார்கள். தாத்தா கட்டியது, பாட்டி விட்டுப்போனது என்று வந்த வீடுகள் பல. அவற்றின் மேல் கடன் கிடையாது. பத்திரம் மட்டும் இறந்துபோனவர் பெயரிலேயே இருக்கும். அது நம் ஊர்க் குடும்பங்களுக்கும் தெரிந்த சங்கடம்தான். பெயர் மாற்றாத பத்திரத்தை வைத்துக்கொண்டு நிவாரணம் வாங்க முடியாமல் பலர் அலைந்தார்கள்.

பத்திரம் சரியாக இருந்தவர்களுக்கும் முழுத் தொகை கிடைக்கவில்லை. 'ரோடு ஹோம்' என்ற மாநில உதவித் திட்டம், புயலுக்கு முன் வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு, திருப்பிக் கட்ட ஆகும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்து மானியத்தைக் கணக்கிட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் சந்தை மதிப்பு பொதுவாகக் குறைவு. ஆணியும் பலகையும் எல்லாப் பகுதிக்கும் ஒரே விலைதான். அதனால் ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம் என்றாலும் இவர்கள் கைக்கு வந்தது குறைவான தொகை. வழக்கு நடந்து, 2011இல் 6.2 கோடி டாலர் கூடுதலாகத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 14,000 பேர் இருந்த இடத்தில், 2010இல் 3,000 பேர்கூட இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் நடிகர் பிராட் பிட் 2007 டிசம்பரில் 'மேக் இட் ரைட்' என்ற தொண்டு நிறுவனத்தோடு வந்தார். 150 வீடுகள் இலக்கு. வரப்போகும் வீடுகளின் அடையாளமாக, இளஞ்சிவப்புத் துணி போர்த்திய வீட்டு உருவங்களை வெற்று நிலத்தில் நிறுத்தி நன்கொடை கேட்டார்கள். ஃபிராங்க் கெரி, ஷிகெரு பான், டேவிட் அட்ஜாயே, தாம் மேயின் போன்றவர்கள் வரைபடம் கொடுத்தார்கள். சூரியத் தகடு, குறைந்த மின்செலவு, நச்சில்லாத பொருட்கள் என்று பசுமைக் கட்டடத் தரத்தின் உச்சச் சான்றிதழுக்கு ஏற்பத் திட்டமிட்டார்கள். வீட்டின் விலை சராசரியாக 1.5 லட்சம் டாலர். கட்டுமானச் செலவு அதைவிட அதிகம். வித்தியாசத்தை நன்கொடை ஏற்றது. குடும்பங்கள் கையிலிருந்த நிவாரணப் பணத்தையும் மானியத்தையும் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கின. இலவசமாக எவருக்கும் கொடுக்கவில்லை. பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் இந்தக் கடன்தான் அடி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைவிட அதிகம். கோடையில் அதே புழுக்கம். மரத்தைத் தின்னும் ஃபார்மோசா கரையான் வேறு. இந்த ஊரில் வீடு கட்டுவது எப்படி என்பதை அங்குள்ள பழைய தச்சர்கள் அறிந்திருந்தார்கள். தரையிலிருந்து உயர்த்திய தூண்களின் மேல் ஒடுக்கமான நீள வீடு, செங்குத்தான சரிவுக் கூரை, சுவரைத் தாண்டி நீளும் இறவாரம், முன்னால் திண்ணை, எளிதில் மக்காத சைப்ரஸ் மரம். மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழ வேண்டும், பட்டாலும் உலர வேண்டும் என்பதே அந்த அமைப்பின் ஆதாரம்.

புதிய வீடுகள் பலவற்றில் கூரை தட்டையாகவோ மிகக் குறைந்த சரிவோடோ இருந்தது. இறவாரம் இல்லை, தண்ணீர்ப் பீலியும் இல்லை. மழை நேராகச் சுவரில் வழிந்தது. ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு நூலிழை இடைவெளி போதும். வெளிப்பலகைக்குப் பின்னால் இறங்கும் நீர் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தையும் வெப்பத்தடுப்புப் பஞ்சையும் நனைக்கிறது. உள்ளே ஏசி ஓடுகிறது, கதவு ஜன்னல் மூடியே இருக்கின்றன. நனைந்த சட்டம் உலர வழியில்லை. அறைக்குள் இருப்பவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மூலையில் சுவர்ப்பூச்சு உப்பும். பிறகு கருப்புப் புள்ளிகள். குழந்தைக்கு இருமல் நிற்காது. பலகையைப் பெயர்த்துப் பார்க்கும்போது, கூரையைத் தாங்கும் மரமே விரலால் அமுக்கினால் உள்வாங்கும் நிலையில் இருக்கும். தண்ணீர் பல மழைக்காலங்களாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

திண்ணைக்கும் படிக்கட்டுக்கும் 'டிம்பர்சில்' என்ற புதுவகை மரத்தைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான நச்சு மருந்துக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற சிலிக்கேட் ஏற்றிய மரம். நாற்பது ஆண்டு உழைக்கும் என்ற உத்தரவாதம் இருந்தது. சில ஆண்டுகளிலேயே இற்றது. 30க்கும் மேற்பட்ட வீடுகளில் மாற்ற வேண்டியதாயிற்று. மரம் தயாரித்த நிறுவனத்தின் மேல் மேக் இட் ரைட் 2015இல் 5 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்த ஊர் மழையிலும் வெயிலிலும் நீண்ட காலம் சோதித்துப் பார்க்காத ஒரு பொருளை, அடுத்த வீடு வாங்க வழியில்லாத குடும்பங்களின் வாசலில் முதன்முதலாகச் சோதித்தார்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் வசதியுள்ளவர் ஒரு புதுமையை முயன்றுபார்த்து அது தோற்றால் மாற்றிக்கொள்வார். முதுமையில் மிச்சமிருந்த பணத்தையெல்லாம் இதில் போட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. புதுமையின் ஆபத்து யார் தலையில் விழும் என்பதை முதலில் தீர்மானிக்காமல் வரைபடத்தில் கை வைக்கக் கூடாது.

குறைகளைச் சொன்னவர்களுக்கு ஆரம்பத்தில் பதில் கிடைத்தது. சில வீடுகளில் பழுது பார்த்தார்கள். பிறகு பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அறிக்கை குடும்பங்களின் கைக்கு வரவில்லை. வெளியில் பேச மாட்டோம் என்றும் நீதிமன்றம் போக மாட்டோம் என்றும் கையெழுத்துக் கேட்டதாகக் குடியிருப்போர் புகார் செய்தார்கள். 2018 வாக்கில் நிறுவனமே அங்கே செயல்படவில்லை என்ற நிலை வந்துவிட்டது. அந்த ஆண்டு, கட்டிப் பத்தாண்டுகூட ஆகாத வீடொன்று இடிக்கப்பட்டது. செப்டம்பரில் வீட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனமோ தன்னுடைய கட்டடக் கலைஞர் மேல் தனி வழக்குப் போட்டது. பழுதுபார்க்க 2 கோடி டாலர் ஆகலாம் என்று அதில் அதுவே சொன்னது. தன்னை வீட்டுக்காரர்களின் வழக்கிலிருந்து விடுவிக்கும்படி பிட் தரப்பு கேட்டதை நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை.

2022 ஆகஸ்டில் 2.05 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டதாக அறிவித்தார்கள். ஏற்கெனவே பழுதுக்குச் செலவழித்தவர்களுக்கு 25,000 டாலர் வரை, மீதி வீடுகளைச் சீர்செய்ய. பணத்தைத் தருவதாக முன்வந்தது 'குளோபல் கிரீன்' என்ற வேறொரு தொண்டு நிறுவனம். அந்தப் பணம் வரவில்லை. வீட்டுக்காரர்கள் மறுபடி நீதிமன்றப் படியேறினார்கள்.

இந்த ஆண்டுகள் முழுவதும் அவர்கள் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர் கூரை ஒழுகினால் வேறு வீடு பார்ப்பார். சொந்த வீட்டுக்காரர் நகர முடியாது. வீட்டை விட்டுப் போனாலும் தவணை நிற்காது; நிறுத்தினால் வீடு ஏலத்துக்கு வரும், வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய கடன் நாணயமும் போகும். பூஞ்சை பிடித்த வீட்டை வாங்க ஆளில்லை. சொத்து வரி, காப்பீட்டுக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம் அவர் கணக்கில். சொந்த வீடு ஏழைக் குடும்பத்தைத் தூக்கிவிடும் என்று சொல்லும் எல்லோரும் இந்த மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறையுள்ள வீட்டின் உரிமை என்பது குறையின் உரிமை.

ஒரு வீட்டோடு அது நிற்பதும் இல்லை. லோயர் நைன்த் வார்டில் புதிய வீடுகள் காலி மனைகளுக்கு நடுவே ஆங்காங்கே எழுந்தவை. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டின் மதிப்பும் சரியும், திரும்பி வரலாமா என்று யோசிக்கும் பழைய குடும்பம் தயங்கும், கடை திறக்க வருபவர் வேறு இடம் பார்ப்பார். ஊரை மீட்க வந்த வீடுகளே ஊர் திரும்புவதற்குத் தடையாக நின்றன.

தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டவே கூடாது என்பது இதிலிருந்து வரும் முடிவு அல்ல. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றைப் பார்க்க வேண்டும்.

ஹாபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பை மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கினார்கள். வீடு பெறும் குடும்பம் கட்டுமான வேலையில் தானும் உழைக்க வேண்டும். வீட்டை இலாபமில்லாமல் விற்று, தவணையைப் பல ஆண்டுகளுக்கு வசூலித்து, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். கத்ரீனாவுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் கிளை 'மியூசிஷியன்ஸ் வில்லேஜ்' என்ற இசைக்கலைஞர் குடியிருப்பை உருவாக்கியது. பாடகர் ஹாரி கானிக் ஜூனியரும் சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்டு மார்சாலிஸும் அதற்கு முன்னின்றார்கள். வீடுகளின் தோற்றத்தில் புதுமை எதுவும் இல்லை. அந்த ஊரின் பழைய வீடுகளைப் போலத் தூக்கிக் கட்டிய, திண்ணை வைத்த, வண்ணம் பூசிய வீடுகள்.

அங்கேயும் பெரிய குறை வந்தது. புயலுக்குப் பின் அமெரிக்காவில் உள்சுவர்ப் பலகைக்குத் தட்டுப்பாடு. சீனாவிலிருந்து வந்த ஜிப்சம் பலகைகள் பல்லாயிரம் வீடுகளுக்குள் போயின. அவற்றில் சில வகை கந்தக வாயுவை வெளியிட்டன. வீட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம், ஏசியின் செம்புச் சுருள் கருத்து ஓட்டையானது, மின்கம்பிகள் அரித்தன. ஹாபிட்டாட் வீடுகளிலும் இந்தப் பலகை இருந்தது. குடியிருந்தவர்கள் சொன்னபோது கிளை முதலில் ஏற்கவில்லை. அது அவர்கள் பக்கத்துத் தவறு. சோதனைகள் உறுதிசெய்த பிறகு பழுதை எடுத்துச் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் சுவர்ப் பலகைகளை முழுவதும் பெயர்த்து, கம்பிகளை மாற்றித் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டு நிறுவனங்களுக்கும் நல்ல மனசு இருந்தது, இரண்டுமே தவறான பொருளை வாங்கின, இரண்டுமே முதலில் சறுக்கின. ஆனால் ஹாபிட்டாட் வாங்கியவர்களின் தவணையை இருபது முப்பது ஆண்டுகளுக்கு நம்பியிருக்கும் அமைப்பு. வீடு இற்றுப்போனால் தவணை நிற்கும், தவணை நின்றால் அடுத்த வீடு இல்லை. ஊரில் அலுவலகம் உண்டு, கட்டுமானக் குழு உண்டு, குறை சொல்லக் கதவு உண்டு. ஒரே ஒரு பேட்டையில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்காகத் தொடங்கிய அமைப்பிடம் அந்தக் கட்டாயம் இல்லை. எண்ணிக்கை எட்டும் முன்பே அதன் ஆர்வமும் பணமும் வற்றின.

கட்டிய பின்னும் கூடவே இருப்பதைத் தொழிலாகவே செய்யும் அமைப்புகளும் அமெரிக்காவில் உண்டு. சமுதாய நில அறக்கட்டளை என்று சொல்லலாம். நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வீடு மட்டும் குடும்பத்தின் பெயரில். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கியது இவற்றில் புகழ்பெற்றது. விற்கும்போது விலையேற்றத்தில் ஒரு பகுதியே குடும்பத்துக்குக் கிடைக்கும். அடுத்து வாங்குபவரும் எளியவராக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வரம்பு. இது சிறிய இழப்பல்ல, முன்கூட்டியே புரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டியது. ஈடாகக் கிடைப்பது, தவணை தவறும்போது வந்து கேட்கும் ஓர் அமைப்பு. வீட்டுக்கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2010இன் முடிவில், அமெரிக்காவில் பொதுவான வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் பறிமுதல் நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம். பத்தில் ஒரு பங்கு. வாங்கியவர்கள் ஏழைகள்தான், ஆனால் வாங்கும் முன் கணக்குப் போட்டுக் காட்டவும், வாங்கிய பின் விசாரிக்கவும் ஒருவர் இருந்தார்.

பணம் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வீடு என்பது. ஆண்டறிக்கையின் அட்டையில் வருவதும் அந்த எண்தான். ஐந்தாம் ஆண்டில் கூரை பார்க்கப் போகும் பொறியாளரின் சம்பளத்துக்கு நன்கொடை கேட்டால் கொடுப்பவர் குறைவு. அதனால் நிறுவனங்கள் அதைக் கேட்பதில்லை, ஒதுக்குவதும் இல்லை. 109 வீடுகளுக்குப் பதிலாக எண்பது கட்டி, மீதிப் பணத்தைப் பராமரிப்பு நிதியாக வங்கியில் போட்டிருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் இன்று நல்ல கூரையின் கீழ் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் முடியாது. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் புது வீட்டுக்கான சட்டம் வேலைக் குறைகளுக்கு ஓராண்டும், குழாய், மின்சாரம், ஏசி போன்றவற்றுக்கு இரண்டாண்டும், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டும் உத்தரவாதம் தருகிறது. சுவருக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே தெரிவதற்கே அதில் பாதிக் காலம் போய்விடும். இந்தியாவில் 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை, புகார் செய்த 30 நாட்களுக்குள் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது விற்பதற்காகக் கட்டுவோருக்கான சட்டம். பேரிடருக்குப் பின் நன்கொடையாக ஒப்படைக்கும் வீடுகளுக்கு அதைக் கைகாட்ட முடியாது. அங்கே எழுதி வாங்கிய ஒப்பந்தம் ஒன்றுதான் பிடி.

ஆகவே எழுதி வாங்க வேண்டியது எது என்று பார்க்கலாம். பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். நிறுவனம் கலைந்தால் அந்தப் பொறுப்பை ஏற்கும் இன்னொரு அமைப்பு எது என்பதும், அதன் கையொப்பமும் இருக்க வேண்டும். பின்னாளில் யாரோ தருவார்கள் என்பது எப்படி முடியும் என்பதை நியூ ஆர்லியன்ஸ் காட்டிவிட்டது. பராமரிப்பு நிதி தனிக் கணக்கில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று வங்கிக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டை ஆய்வு செய்யும் பொறியாளரின் அறிக்கை குடும்பத்துக்கே நேராக வர வேண்டும். பேசாமல் இருக்கக் கையெழுத்துக் கேட்கும் எந்தத் தாளிலும், வேறொரு வழக்கறிஞர் படித்துச் சொல்லும் வரை கையெழுத்துப் போடக் கூடாது. சாவி வாங்கிய முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும், உத்தரவாதக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது ஒருமுறையும், நிறுவனத்தைச் சேராத ஒரு பொறியாளரை அழைத்து ஜன்னல் விளிம்பு, கூரை இணைப்பு, திண்ணையின் அடிமரம், குளியலறைச் சுவரின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி, கண்டதைத் தேதியோடு புகைப்படம் எடுத்துப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தால் பொறியாளரின் கட்டணம் பங்காகப் பிரியும். ஒரே குறை பத்து வீட்டில் இருப்பதும் அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும்.